பேகனின் மனைவியும் நீ அனுப்பிய படமும்

உடுமலைப்பேட்டை,
ஞாயிறு பிற்பகல்.

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

வியன்னாவிலிருந்து நீ அனுப்பிய நான்கு படங்களும் வந்தன. கூந்தலில் வைர நட்சத்திரங்கள் சூடி, வெண்ணிற உடுப்பில் தோள் திரும்பி நிற்கும் பேரரசியின் ஓவியத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, "எவ்வளவு அழகு பாரம்மா, வாழ்ந்தால் இப்படி வாழ வேண்டும்" என்று எழுதியிருந்தாய். நான் ஓவியத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. உன் கையைத்தான் பார்த்தேன். கல்யாணத்தன்று சோப்புத் தடவி ஏற்றிய அமுச்சியின் வளையல், இப்போது முழங்கைக்கருகே போய் நிற்கிறது. நான்கு படங்களிலும் மாப்பிள்ளை இல்லை. அவர்தான் எடுத்திருப்பார் என்றார் அப்பா. இருக்கும்.

இங்கே காய் வெட்டு முடிந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. மற்றதெல்லாம் பிறகு எழுதுகிறேன்.

படத்திலிருந்த அந்த ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தைப் பற்றி இரண்டு வாரமாகத் தேடிப் படித்தேன், கண்ணு. 1853ஆம் ஆண்டு அக்காள் ஹெலனைப் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்த இடத்தில், இருபத்து மூன்று வயதுப் பேரரசர் தங்கையைப் பிடித்துப்போனதாகச் சொன்னார் என்பதைத்தான் எல்லோரும் கண்டதும் காதல் என்று கொண்டாடுகிறார்கள். அப்போது அவளுக்கு வயது பதினைந்து. அந்த வயதில் எனக்கு முன்னால் எட்டு மைல் சைக்கிள் மிதித்து வந்து வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். ஒரு பேரரசரின் விருப்பத்துக்கு மறுமொழி சொல்லும் வயதா அது? மறு ஆண்டு திருமணம். அதற்கடுத்த ஆண்டு பிறந்த பெண் குழந்தைக்கு மாமியாரின் பெயரையே வைத்து, வளர்ப்பதையும் மாமியாரே எடுத்துக்கொண்டார். அந்தக் குழந்தை இரண்டு வயதில், 1857இல், ஹங்கேரிப் பயணத்தில் இறந்துபோயிற்று. 1955 முதல் 1957 வரை அவளைப் பற்றி வந்த மூன்று திரைப்படங்களும் அவள் கண்ணீரைக் காட்டினாலும் முடிவில் அதைத் துடைத்து, சிரிக்க வைத்துத்தான் அனுப்புகின்றன.

கணுக்கால் வரை நீண்ட அந்தக் கூந்தலைச் சீவி முடிக்க நாள்தோறும் இரண்டு மூன்று மணி நேரம் ஆனதாம். ஏறக்குறைய ஐந்தடி எட்டு அங்குல உயரத்தில் ஐம்பது கிலோ எடையை விட்டு ஏறக் கூடாதென்று பட்டினி கிடந்து, நாள்தோறும் எடை பார்த்தவள் அவள். இடை இருபது அங்குலம் என்று இன்றும் வியந்து பேசுகிறார்கள். உண்ணாமல் கிடந்த ஒரு பெண்ணின் உடம்பை அளந்து சொல்லி வியப்பதை என்னால் படிக்க முடியவில்லை. 1898இல் ஜெனீவாவில் ஒருவன் கூர்தீட்டிய அரத்தால் மார்பில் குத்திய பிறகும் அவள் எழுந்து நடந்து படகேறியிருக்கிறாள். கீழே சரிந்து, இறுகக் கட்டிய கச்சையைத் தளர்த்திய போதுதான் காயமே பிறர் கண்ணில் பட்டதாம். இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இது அந்நாட்டுக் கதை மட்டுமன்று. கூடத்தில் மாட்டியிருக்கும் உங்கள் ஆக்ரா படத்தைத் தினமும் துடைக்கிறேன். பத்தொன்பது ஆண்டு இல்வாழ்க்கையில் பதினான்காவது பேற்றில், 1631இல், படையெடுப்புக்குப் போன கணவனுடன் தங்கிய புர்ஹான்பூரில் இறந்தவள் மும்தாஜ். பளிங்கைப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பதினான்கு பிரசவங்கள் தெரிவதில்லை.

நம் ஊர்ப் பக்கத்துக்கு வருகிறேன். பழனி மலையை ஆண்ட பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததை முப்பத்தொரு ஆண்டுகள் கரும்பலகையில் மயில் வரைந்து பாடம் நடத்தியவள் நான். அவன் தன் மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரக் கண்ணகி அல்லள், இவள் வேறு) துறந்து வேறொருத்தியின் ஊரிலேயே கிடந்ததும், புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்களில் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என நான்கு புலவர்கள் அவளுக்காக அவனிடம் வழக்காடியதும் புலவர் பட்டத்துக்குப் படித்த காலத்திலேயே எனக்குத் தெரியும். பசித்து வரவில்லை, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதே நாங்கள் கேட்கும் பரிசில் என்கிறார் பரணர். எண்ணெய் மறந்த அவள் கூந்தலில் மீண்டும் பூ ஏற வேண்டும் என்கிறார் பெருங்குன்றூர் கிழார். இதில் ஒரு வரியைக்கூட நான் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. பாடநூலில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், வள்ளலின் பெயர் கெட வேண்டாம் என்று நினைத்தேன்.

அதையேதான் உனக்கும் செய்தேன், அம்மிணி. போன பொங்கலுக்கு நீ தனியாக வந்தபோது, பொடக்காளியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என்னிடம் "அம்மா, அங்கே எனக்கு" என்று தொடங்கினாய். நீ முடிப்பதற்குள், எல்லா வீட்டிலும் இருப்பதுதான், அனுசரித்துப் போ என்று சொல்லிவிட்டு, முறுக்கு டப்பாவை எடுத்து வரச் சமையலறைக்குப் போய்விட்டேன். முறுக்குக்கு அப்போது அவசரம் ஒன்றுமில்லை, மகளே. எனக்குக் கேட்க அச்சமாக இருந்தது. ஊர் என்ன சொல்லும் என்பதற்கு முன்னால் உன் சொல்லைக் கேட்கத் தைரியமில்லாமல் போனேன். அதன் பிறகு நீ தொடங்கவே இல்லை.

அயல்மொழி பேசி இருபது பேரை வைத்து வேலை வாங்கும் உன்னைப் பற்றி இந்தத் தெருவில் யாரிடம் பேசினாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஆனாலும் ஏழு வாரமாக அம்மாவுக்கு ஒரு குரல் கொடுக்கவில்லையே. படம் மட்டும் அனுப்பினால் போதுமா? சாப்பிடு. தயிர்ச் சோறாவது இரண்டு வேளை சாப்பிடு.

ஞாயிறுதோறும் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை அப்பா தோப்பில் இருப்பார். வீட்டில் நான் மட்டும்தான். அந்த நேரத்தில் கூப்பிடு. பேசத் தோன்றாவிட்டாலும் கூப்பிடு. குறுக்கே பேச மாட்டேன். வியாழனன்று பேருந்தில் போய்ப் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
அம்மா