மொவிமா ஊரிலிருந்து

சாந்தா ஆனா தெல் யாக்குமா,
பெனி மாநிலம், பொலிவியா
ஏப்ரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். "நீ அங்கே பதிவு செய்யும் மொவிமா மொழியில் திணை, பால் உண்டா?" என்று கேட்டிருந்தீர்கள். உண்டு அப்பா. மனிதர்களில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. மிருகம், மரம், வீடு, ஆறு எல்லாம் சேர்ந்து ஒரே கூட்டம், நம் அஃறிணை மாதிரி. பன்மை தனி. இதுவரை உங்களுக்குப் பழக்கமானதுதான். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒரு சின்னச் சொல் வரும். பாகோ என்றால் நாய். நாய் கண்முன்னே நின்றால் 'ஆஸ் பாகோ'. எங்கேயோ போயிருக்கிறது, ஆனால் இருக்கிறது என்றால் 'கோஸ் பாகோ'. செத்துப்போன நாய் 'ஓஸ் பாகோ'. பெண்ணைக் குறித்தால் இதே மூன்றும் இ'னெஸ், கினோஸ், இஸ்நோஸ் என்று வரும். வினையில் காலம் காட்டாவிட்டாலும் இந்தச் சின்னச் சொல்லை வைத்தே பழைய சங்கதியா, இன்றைய சங்கதியா என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். பழங்கதை சொல்ல உட்கார்ந்தால் சிறுத்தை, ஆறு, வீடு எல்லாம் 'ஓஸ்' போட்டே ஓடும். நம் இ, அ சுட்டுகள் கிட்டத்தையும் தூரத்தையும் காட்டுவதோடு நின்றுவிடும். ஒன்று இப்போது இருக்கிறதா இல்லையா என்பதையும் சேர்த்தே இங்கே சொல்லியாக வேண்டும்.

வினையிலும் ஒரு நுட்பம் உண்டு. 'நான் அதைப் பார்த்தேன்', 'அது என்னைப் பார்த்தது' இரண்டிலும் 'நான்' என்பதன் இடம் மாறாது. வினையின் கடைசியில் 'நா' வந்தால் நான் செய்தது, 'காய்' வந்தால் எனக்கு நடந்தது. பேசுகிறவனுக்கு எப்போதும் முதலிடம், கேட்கிறவன் அடுத்து, மற்றவர்கள் அதற்குப் பிறகு. வேற்றுமை உருபை வைத்து நாம் தீர்த்துக்கொள்வதை இவர்கள் இந்த வரிசையை வைத்துத் தீர்க்கிறார்கள்.

பதிவு செய்வதில் என்ன சிக்கல் என்றும் கேட்டிருந்தீர்கள். பெரிய சிக்கல் ஸ்பானிஷ் வழியாகக் கேட்பதுதான். "நாய்க்கு என்ன சொல்வீர்கள்?" என்று ஸ்பானிஷில் கேட்டால் 'பாகோ' என்று மட்டும் பதில் வரும், இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் 'ஆஸ்' வரும். இப்படித் திரட்டிய சொற்பட்டியல் எத்தனை பக்கம் இருந்தாலும் மொழியின் முதுகெலும்பு அதில் இருக்காது. இதற்கு வழி, பொருளை முன்னால் வைத்துப் பேசச் சொல்லி, பிறகு அதை வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டு அதைப் பற்றியே மறுபடி கேட்பது. அதைவிடவும் நல்லது, மொவிமா பேசும் இரண்டு முதியவர்களை எதிரெதிரே உட்காரவைத்துவிட்டு நாம் வாயை மூடிக்கொள்வது. ஒலியை மட்டும் பிடித்தால் போதாது. அந்த நேரத்தில் நாய் முற்றத்தில் இருந்ததா, மகள் ஊரில் இருந்தாளா, பேச்சில் வந்த மாடு உயிரோடு இருக்கிறதா என்று அப்போதே நோட்டில் எழுதிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பதிவைக் கேட்டால் அந்த 'கோஸ்' ஏன் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். தகரக் கூரையில் மழை பெய்தால் அன்றைய வேலை முடிந்தது. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் சொல்லின் கடைசி ஒலி மிக மெல்லியது. கடைசியில் 'ப்' வர வேண்டிய இடத்தில் தொண்டை அடைத்து 'ம்' போலவும், 'த்' வர வேண்டிய இடத்தில் 'ன்' போலவும் ஒலிக்கும். 'க்' என்றால் வெறும் தொண்டை அடைப்பு மட்டுமே. இரைச்சலில் இவை மூன்றும் காணாமல் போய்விடும். நமக்கு இன்னொரு பொறி, நெடில். கடைசிக்கு முந்தைய அசை மெய்யில் அடைபடாமல் உயிரில் முடிந்தால் அந்த உயிர் தானாக நீளும். அதை நம் குறில் நெடில் மாதிரிப் பொருள் மாற்றும் நீளம் என்று தமிழ்க் காது எண்ணிக்கொள்ளும். அப்படி இல்லை.

மொவிமாவுக்கு உலகில் உறவு மொழி என்று ஒன்றும் கிடையாது. எந்தக் குடும்பத்திலும் சேராத தனிமொழி. ஆச்சரியம் என்னவென்றால், சுற்றியுள்ளவர்களில் பாதிப்பேர் மொழியும் அப்படித்தான். வடக்கே காயுபாபா, கிழக்குப் பக்கம் இத்தோனாமா, கனிச்சானா, தெற்கே யுராக்காரே, ஒவ்வொன்றும் தனித்தனி. இடையில் அராவாக் குடும்பத்து மொஹேஞ்ஞோ மக்கள், சான் போர்ஹா பக்கம் சிமானே மக்கள். 1682 முதல் ஜேசு சபையினர் இவர்களில் பலரை மிஷன் ஊர்களில் குடியமர்த்தினார்கள். மாடும் வயலினும் அவர்களோடு வந்தன. 1767-இல் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், மாடு மட்டும் பெருகிக்கொண்டே போனது. இன்று இந்தச் சமவெளி முழுக்கப் பண்ணைகள்தான். மொவிமாவில் மாட்டுக்குப் பெயர் 'வாகா', ஸ்பானிஷ் சொல்லேதான்.

2009 அரசமைப்பு ஸ்பானிஷோடு 36 பழங்குடி மொழிகளை ஆட்சிமொழி ஆக்கியது. மொவிமாவும் அதில் உண்டு. ஆனால் 2000-களின் தொடக்கத்திலேயே பேசத் தெரிந்தவர்கள் சுமார் 1,400 பேர்தான், பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். பள்ளியில் நிறம், எண், மிருகப் பெயர் என்று பட்டியலாகச் சொல்லிக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் நாளே ஆஸ், கோஸ், ஓஸ் மூன்றையும் விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். துணிக்கு அடியில் ஒரு கொய்யாப்பழத்தை மறைத்துவைத்தாலே பாடம் நடந்துவிடும்.

அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாள். சீவே என்று ஒன்று, மரவள்ளிக்கிழங்கு ரவை என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிழங்கை மூன்று நான்கு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, புளித்து மெத்தென்று ஆனதும் தோலும் நாரும் நீக்கிப் பிசைந்து, துணியில் கட்டிப் பாரம் வைத்துப் பிழிகிறார்கள். உதிர்த்துச் சல்லடையில் சலித்து, அகன்ற தட்டில் இளந்தீயில் விடாமல் கிளறி வறுப்பார்கள். பத்துக் கிலோ பச்சைக் கிழங்குக்கு இரண்டரை, மூன்று கிலோ கிடைக்கும். சரியாகப் பிழியாவிட்டால் தட்டில் பசையாக ஒட்டிக் கட்டி கட்டியாகிவிடும். தீ அதிகமானால் வெளியே சிவந்து உள்ளே ஈரம் நிற்கும், மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் பூசணம் பிடிக்கும். நன்றாக வறுத்தது மாதக்கணக்கில் இருக்கும். தண்ணீரில் போட்டுச் சர்க்கரை கலந்து குடிக்கலாம்.

சேலத்தில் ஜவ்வரிசிக்குப் போடும் அதே கிழங்குக்கு இந்தப் பக்கம்தான் பூர்வீகம். இங்குள்ள புல்வெளியில் ஆயிரக்கணக்கான சின்ன மரத்தீவுகள் உண்டு, பெரும்பாலும் பழைய மனிதர்கள் வாழ்ந்து உயர்த்திய மேடுகள். அவற்றின் மண்ணில் 10,000 ஆண்டுக்கும் முந்தைய மரவள்ளியின் நுண் எச்சங்களைக் கண்டெடுத்து 2020-இல் வெளியிட்டார்கள். இந்த ஊரைச் சுற்றிலும் வெள்ளத்துக்கு மேலே நிற்கும்படி மண்ணை வாரிப் போட்ட நீண்ட பழைய மேட்டுப்பாத்திகளும் உண்டு. வடிகாலையும் வரப்பையும் ஒரே வெட்டில் முடித்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்தால் இறங்கி அளக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

டிசம்பரில் ஏறிய தண்ணீர் இப்போதுதான் வடிகிறது. சாலை இன்னும் சேறு. அவசரத்துக்குச் சின்ன விமானம், இல்லாவிட்டால் படகு. மே மாதத்திலிருந்து தெற்கிலிருந்து குளிர்காற்று அடிக்கும். ஒரே நாளில் வேர்வை போய்ப் போர்வை தேட வேண்டியிருக்கும், அதனால் போன முறை அனுப்பிய கம்பளி வீணாகவில்லை.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், அம்மாவை இவர்கள் மொழியில் எப்படிச் சொல்வேன் என்று. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருப்பதால் 'கினோஸ்'. பாட்டிக்கு 'இஸ்நோஸ்'.

சாலை திறந்த பிறகுதான் தபால் போகும், கடிதம் தாமதமானால் கவலைப்பட வேண்டாம். அடுத்த முறை எழுதும்போது நம் வயலில் மரவள்ளி எத்தனை மாதத்தில் பிடுங்குகிறீர்கள் என்று எழுதுங்கள். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார்.

அன்புடன்,
உங்கள் மகன்