கியர் பாக்ஸை இறக்காதே

தர்மபுரி

அன்புள்ள மாணிக்கம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் உன் தங்கச்சிக்கு ஏக சந்தோஷம், தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். இங்கே மா நன்றாகத்தான் காய்த்திருக்கிறது, ஆனால் பெங்களூரா ரகத்துக்குக் கூழ் ஃபேக்டரியில் சொல்லும் விலை பறிகூலிக்கே கட்டாது போலிருக்கிறது. அதை நேரில் புலம்பிக்கொள்ளலாம். வண்டிக்கு வருகிறேன்.

உன் பழைய ஆட்டோமேட்டிக் கியர் பென்ஸ் 300 டி மூன்றாம் கியருக்கு மாறும்போது நச்சென்று அடிக்கிறது, கியர் பாக்ஸை இறக்கியே ஆகணும் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். இறக்காதே. அதே கடிதத்தின் அடியில், சாவியை அணைத்த பிறகும் இஞ்சின் சற்று நேரம் ஓடுகிறது, பின்கதவுப் பூட்டு தானாக விழுவதில்லை என்றும் சொல்கிறாய். உனக்கு அவை மூன்று கோளாறு. பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது: எங்கோ வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சி உண்டாக்கும் இழுப்பு, லீக் ஆகிறது.

பெட்ரோல் வண்டியில் காற்று போகும் வழியிலேயே வேக்குவம் கிடைத்துவிடும். உன் டீசலில் அது கிடையாது, அதனால் இஞ்சினிலேயே தனியாக ஒரு வேக்குவம் பம்ப். பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டர், கதவுப் பூட்டு, இஞ்சினை அணைக்கும் டப்பா, கியர் பாக்ஸ் எல்லாம் அந்த ஒரே பம்பை நம்பித்தான். கியர் பாக்ஸின் பக்கவாட்டில், கியர் எவ்வளவு இறுக்கமாக விழணும் என்று தீர்மானிக்கும் மாடுலேட்டர் இருக்கும். அதற்கு வேக்குவம் நன்றாக வந்தால் கியர் மெத்தென்று மாறும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க டீசல் பம்ப் மேலிருக்கும் வால்வு வேக்குவத்தைக் குறைக்கும், கியரும் இறுக்கமாக விழும். லீக் இருந்தால் நீ மெல்ல மிதித்தாலும் முழு மிதி என்று நினைத்துக்கொண்டு அடிக்கும். அவ்வளவுதான்.

பூட்டுக்குப் போகும் மெல்லிய டியூபைக் கழற்றி, பம்ப் பக்கத்து முனையை அடைத்துவிட்டு ஒரு ரவுண்டு போய் வா. அடி குறைந்தால் லீக் கதவுப் பக்கம்தான். குறையாவிட்டால் ரப்பர் கனெக்டர்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார். அந்த வயது ரப்பர் ரஸ்க் மாதிரி நொறுங்கும். மாடுலேட்டர் டியூபை உருவும்போது உள்ளே சிவப்பான கியர் பாக்ஸ் ஆயில் தெரிந்தால் அதன் டயாஃப்ரம், அதாவது உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு, கிழிந்துவிட்டது. அந்த ஆயில் வேக்குவம் பம்ப் வழியாக இஞ்சினுக்குள் போய்க்கொண்டிருக்கும். தரையில் சொட்டே இல்லாமல் கியர் பாக்ஸில் அளவு இறங்கும்.

கியர் பாக்ஸ் ஆயில் அளவை வண்டி ஓடிச் சூடான பிறகு, சமதரையில், பார்க்கிங்கில் போட்டு இஞ்சின் ஓடும்போதே பார்க்கணும். அளவுக் குச்சியின் இரண்டு கோடுகளுக்கு நடுவே சுமார் 0.3 லிட்டர்தான், அதனால் மடமடவென்று ஊற்றிவிடாதே. அந்த ஆயிலில் கருகிய வாசனை வந்தால் மட்டும் உன் ஒர்க் ஷாப்காரர் சொல்வதைக் காதில் வாங்கு.

யாராவது மாடுலேட்டரைத் திருகி அடியைக் குறைத்துத் தருகிறேன் என்றால் விடாதே. லீக் அப்படியே இருக்க, அளவுக்கு மீறி மெத்தென்று ஆக்கினால் மாறும்போது வழுக்கும், உள்ளே கிளட்ச் தட்டு எரியும். அடிப்பதைவிட அது பெரிய செலவு. புறப்படும்போது சோம்பல் என்கிறாயே, அது கோளாறே இல்லை. லேசாக மிதித்தால் வண்டி இரண்டாம் கியரில்தான் கிளம்பும்.

கனெக்டர் சேலத்தில் கிடைக்காவிட்டால் எழுது, மகன் பெங்களூர் ஜே.சி. ரோடுக்குப் போகும்போது வாங்கி வருவான்.

அப்புறம், மாம்பழத்துக்கு வருகிறேன் என்றாயே, தொப்பூர் கணவாய் வழியாகத்தானே வரணும்? ஏறுவது பெரிதில்லை, திரும்ப இறங்கணும். பிரேக்கும் அதே வேக்குவம் பம்பை நம்பித்தான் இருக்கிறது. இஞ்சினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து தரம் மிதி, கல்லாகும். அப்படியே மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணு. பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் வண்டியில் வா. இறங்காவிட்டால் பஸ் ஏறி வந்துவிடு.

உன்,
செல்வராசு