டிரிப் ஆகிறது என்று கழற்றிவிடாதீர்கள்: சென்னைப் பட்டறை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அம்பத்தூர், கிண்டி, பாடி, திருமுடிவாக்கம் பகுதிகளில் லேத், மில்லிங், பிரஸ், ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் நடத்திவரும் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் பட்டறைகளிலேயே பல ஆண்டுகளாக வேலை பார்த்துவரும் மின் மேற்பார்வையாளன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். ஆர்.சி.சி.பி. (போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒத்துப்போகாவிட்டால், அதாவது எங்கோ கசிந்தால், இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது, அதாவது டிரிப் ஆகிறது என்பதற்காக அதை ஒதுக்கிவிட்டு நேராக இணைப்புக் கொடுக்கும் வழக்கத்தை நீங்கள் நிறுத்த வேண்டும்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு பட்டறையிலிருந்து, லேத்தைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது என்று அழைத்தார்கள். டி.பி.யை (மின் விநியோகப் பெட்டியை) திறந்து பார்த்தால், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும் ஆர்.சி.சி.பி. அதன் இடத்தில்தான் இருந்தது. ஆனால் உள்ளே வந்த நான்கு வயர்களும் அதைத் தொடாமல், ஒரு கனெக்டர் வழியாக நேரே வெளியே போயிருந்தன. ஆபரேட்டர் காலடியில் ஒரு மரப்பலகையைப் போட்டு நின்றுகொண்டிருந்தார். அந்தப் பலகையும் நனைந்திருந்தது. "மெஷின் போட்ட நாள்லேருந்து விழுந்துகிட்டே இருந்துச்சு சார், ஆர்டரை முடிக்க வேணாமா?" என்றார் உரிமையாளர். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

காரணம் ஸ்டார்ட்டருக்குள் கிடைத்தது. அந்த லேத்துக்கு நான்கு கோர் கேபிள் இழுத்திருந்தார்கள்: மூன்று ஃபேஸ், ஓர் எர்த். நியூட்ரல் கிடையாது. கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டைச் சேர்க்கும் காந்த சுவிட்ச்) காயிலோ 230 வோல்ட் காயில். அதற்கு நியூட்ரல் வேண்டுமே என்று, முன்பு வந்த வயர்மேன் காயிலின் மறுமுனையை எர்த் போல்ட்டிலேயே முறுக்கிவிட்டிருந்தார். பச்சை பட்டனை அழுத்தியதும் காயிலுக்குப் போன கரண்ட் எர்த் வழியாகத் திரும்பியிருக்கிறது; போனதும் வந்ததும் கணக்கு ஒத்துப்போகாததால் ஆர்.சி.சி.பி. விழுந்திருக்கிறது. அதாவது, அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அதை ஒதுக்கிய பிறகு, எர்த் போல்ட் துருப்பிடித்துப் பிடிப்பு குறைந்ததும், காயில் வழியாக வந்த கரண்ட் மெஷின் பாடியில் ஏறிவிட்டது. 415 வோல்ட் காயில் ஒன்றை மாற்றிப் போட்டேன். அதற்கு நியூட்ரலே தேவையில்லை. ஆர்.சி.சி.பி. பழையபடி இணைப்புக்கு வந்தது, அதன் பிறகு விழவில்லை.

'எர்த் பிட் (எர்த்துக்காகத் தோண்டிய குழி) நன்றாகத்தான் இருக்கிறதே, பிறகு இது எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. பிட்டின் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நம் பட்டறைகளில் அது மோசமான அளவு அல்ல. ஒரு ஃபேஸ் வயர் அறுந்து பாடியில் பட்டால், 230ஐ 5ஆல் வகுக்க 46 ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த்தின் தடையையும் சேர்த்தால் அதுவும் குறையும். 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்சுக்கு) 46 ஆம்பியர் என்பது வெறும் ஓவர்லோடுதான். அது விழ ஒரு மணி நேரம்கூட ஆகலாம். 'சி' வகை எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் அதன் அளவைப் போல் 5 முதல் 10 மடங்கு, அதாவது 160 முதல் 320 ஆம்பியர் ஓட வேண்டும். அதுவரை மெஷினின் கைப்பிடியில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் ஆர்.சி.சி.பி.

உண்மையான தொந்தரவும் உண்டு, மறைக்கவில்லை. வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) பொருத்திய மெஷின்களில், டிரைவின் ஃபில்டர் வழியாக எர்த்துக்குச் சிறிது கரண்ட் எப்போதும் கசியும். எந்தப் பழுதும் இல்லாமலே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழும். அத்தகைய மெஷினுக்குத் தனி சர்க்யூட் ஒதுக்கி, டிரைவ் தயாரிப்பாளர் சொல்லும் வகையில் (மூன்று ஃபேஸ் டிரைவுக்குப் பெரும்பாலும் 'பி' வகை) 100 அல்லது 300 மில்லி ஆம்பியரில் போடலாம். கை டிரில், கிரைண்டர் செருகும் பிளக்குகளுக்கு மட்டும் 30ஐ விட்டுக்கொடுக்காதீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள் புகுந்து வடிந்த பிறகு, மோட்டாரை இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்து, ஆர்.சி.சி.பி. விழுந்ததும் அதைத் திட்டியவர்களையும் பார்த்தேன். 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனை அளக்கும் கருவியில்) 1 மெகா ஓம்கூடக் காட்டாத மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கவே கூடாது.

ஆயுத பூஜையன்றுதான் நம் பட்டறைகளில் எல்லா மெஷினும் ஓய்ந்திருக்கும்; வடகிழக்குப் பருவமழையும் அதை ஒட்டியே வரும். மெஷினைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன் (கழுவும்போது மெயினை அணைத்துவிடுங்கள், இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது) உங்கள் வயர்மேனை வைத்து டி.பி.யைத் திறந்து, வயர்கள் ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் போகின்றனவா என்று பாருங்கள். பிறகு கரண்ட் இருக்கும்போது டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழாவிட்டால் மறுநாள் பட்டறை ஓடுவதற்கு முன் மாற்றுங்கள். அதை ஒதுக்கி நேராக இணைத்திருந்தால் வயர்மேனைத் திட்ட வேண்டாம். எந்த மெஷினை ஓட்டும்போது அது விழுந்தது என்று மட்டும் அவரிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைகளுக்கு வந்துபோகும் ஒரு மின் மேற்பார்வையாளன்,
சென்னை.