தோள் காயம், மார்ச் 14

2026 ஜனவரி 18
லண்டன்

அன்புள்ள தம்பி,

அப்பாவுக்கு பிரஷர் பரவாயில்லை. அக்கா ஈஸ்டருக்கு வருகிறாள். வீடியோவில் சின்னவளை நீ இடது கையால் மட்டும் தூக்கியதைக் கவனித்தேன். கேட்டால் "ஒன்றுமில்லை அம்மா" என்பாய், அதனால் எழுதுகிறேன்.

நீ வேர்ஹவுஸில் விழுந்தது 2023 மார்ச் 14. இங்கிலாந்தில் வழக்குக்குக் காலக்கெடு வைக்கும் 1980ஆம் ஆண்டு லிமிடேஷன் சட்டப்படி காய வழக்குப் போட 3 வருடம். விழுந்த நாளைச் சேர்ப்பதில்லை, ஆகவே கடைசி நாள் 2026 மார்ச் 14. அது சனிக்கிழமை, கோர்ட் கந்தோர் பூட்டு. அடுத்த வேலைநாளில் ஏற்கலாம் என்று பிரீதம் கவுர் வழக்கில் தீர்ப்பு உண்டு. அதை நம்பி இருந்துவிடாதே.

கம்பெனியின் இன்சூரன்ஸ்காரர் அன்பாக ஈமெயில் போடுவார்கள், "மெடிக்கல் ரிப்போர்ட் வரட்டும்" என்பார்கள். பிழை தங்களுடையது என்று ஒப்புக்கொண்டாலும் நாள் ஓடிக்கொண்டேயிருக்கும். நிறுத்திவைக்க இரு தரப்பும் எழுத்தில் ஒப்பந்தம் செய்தால்தான் உண்டு. மற்றபடி வழக்குத் தொடங்கும் கிளெய்ம் ஃபார்ம், சரியான ஃபீஸோடு கோர்ட்டில் போய்ச் சேரவேண்டும். கோர்ட் முத்திரை பிந்தினாலும் சேர்ந்த தேதிதான் கணக்கு. ஃபீஸ் குறைந்து ஃபார்ம் திரும்பி வந்தால்தான் ஆபத்து. கடைசி நாளில் போடுகிறவர்கள் அதில்தான் மாட்டுவார்கள். பிறகு எதிர்த்தரப்புக்கு அனுப்ப 4 மாதம் இருக்கிறது, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

காயம் ஸ்கானில் தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று நினைக்கிறாயோ? அந்த விதி ஆஸ்பெஸ்டாஸ் நோய்போல வருடங்கள் கழித்துத் தெரிவதற்கு. நீ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனாய், எங்கே எப்படி விழுந்தாய் என்றும் தெரியும். நாள் கடந்தாலும் அதே சட்டத்தின் 33ஆம் பிரிவில் நீதிபதி விட்டுக்கொடுக்கலாம், ஆனால் ஏன் பிந்தினாய் என்று துருவித் துருவிக் கேட்பார். விமானத்தில் நடந்தால் அந்தச் சலுகையும் இல்லை, 2 வருடத்தோடு சரி.

மனேஜர் நல்லவர் என்கிறாய். அவர் பையிலிருந்து காசு போகாது. வேலை கொடுப்பவர் இன்சூரன்ஸ் எடுப்பது 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். நன்றி மறக்காத பிள்ளை என்று எல்லாரிடமும் உன்னைப் பற்றிச் சொல்லுகிறேன். ஆனால் வலியை வாய்திறந்து சொல்லாத பழக்கம் சின்னதிலிருந்தே உன்னிடம் இருக்கிறது.

வேலையிடத்து அக்சிடென்ட் புத்தகப் பிரதி, ஜிபி (குடும்ப டாக்டர்) ரெக்கோர்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே ஒரு சொலிசிட்டரிடம், அதாவது வழக்கறிஞரிடம் போ. கடைசி மாதத்தில் பலர் கேஸையே எடுக்கமாட்டார்கள், நான் வேலை செய்யும் சொலிசிட்டர் கந்தோரும் அப்படித்தான். எந்தத் தேதியில் ஃபார்ம் போடுவீர்கள் என்று முதலில் கேள். பெப்ரவரி முடியுமுன் என்று எழுத்தில் வாங்கு. திரும்பவும் சொல்கிறேன், இன்சூரன்ஸ்காரரின் ஈமெயில் போதாது.

பிசியோவுக்குப் போகிறாயா?

அம்மா