முன்குறித்தல் உண்டு என்றால் சுவிசேஷம் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜான் கால்வின் வழிவந்த கிறிஸ்தவப் போதனையான கால்வினியம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யார் இரட்சிக்கப்படுவார்கள் என்று தேவன் முன்னமே தீர்மானித்துவிட்டார் (இதுதான் முன்குறித்தல்) என்றால் கால்வினியர்கள் ஏன் சுவிசேஷம் சொல்லி அலைய வேண்டும் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். நானும் பல வருடம் இதையே கேட்டவன், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் ஒரு சபையின் கூட்டங்களில் உதவி செய்துகொண்டிருந்தேன். பிரசங்கம் முடிந்ததும் எல்லோரையும் கண்களை மூடச் சொல்லி, இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்பார்கள். பின்னால் நின்று அந்தக் கைகளை எண்ணி நோட்டில் எழுதுவது என் வேலை. எண்ணிக்கை குறைந்தால் அதே பாட்டை மறுபடி பாடுவார்கள், பிரசங்கியாரின் குரல் தழுதழுக்கும், இன்னும் நாலு கை உயரும். அடுத்த மாதம் அந்த முகங்களில் ஒன்றுகூட வராது. நாம் இன்னும் நன்றாகச் சொல்லியிருந்தால் அவர்கள் தப்பித்திருப்பார்களோ என்று எத்தனையோ ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன். ஒரு மனுஷன் சுமக்கிற பாரமா அது?

அப்புறம்தான் வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தேன். கொரிந்து பட்டணத்தில் சுவிசேஷம் சொல்லப்போன இடத்தில் எதிர்ப்பு, அப்போஸ்தலனாகிய பவுலுக்கே பயம். கர்த்தர் ராத்திரியில் தரிசனமாகி, பேசு, மவுனமாயிராதே என்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணத்தைப் பாருங்கள்: "இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு." அவர்களில் பலர் இன்னும் விசுவாசிக்கவே இல்லை, ஆனால் அவருடையவர்கள். அதைக் கேட்ட பவுல், சரி, எப்படியும் வந்துவிடுவார்கள் என்று மூட்டை கட்டவில்லை. ஒன்றரை வருடம் அங்கேயே தங்கி உபதேசித்தார். முடிவைக் குறித்தவர், அதற்குப் போகும் வழியாக இந்தப் பேச்சையும் சேர்த்தே குறித்திருக்கிறார். அதே புத்தகத்தில் பவுலின் பேச்சைக் கேட்டு விசுவாசித்த லீதியாள் என்ற பெண்ணின் விஷயமும் அப்படித்தான். இருதயத்தைத் திறந்தது கர்த்தர், ஆனால் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பேசியது பவுல்.

தெரிந்துகொள்ளுதலை, அதாவது தேவன் சிலரை முன்னமே தேர்ந்தெடுத்தார் என்பதை, சாக்காக வைத்து வாயை மூடிக்கொண்டவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மனந்திரும்பாதவர்களைப் பார்த்து விசுவாசியுங்கள் என்று அழைப்பதே தவறு என்று சில போதகர்கள் நினைத்தார்கள். அதை எதிர்த்து 1785இல் புத்தகம் எழுதிய ஆண்ட்ரூ புல்லரும் ஒரு கால்வினியர்தான்! கால்வினியத்தின் ஐந்து முக்கியப் போதனைகளுக்கு அடிப்படையான, 1618-19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சபைச் சங்கத்தின் தீர்மானங்களே, சுவிசேஷம் எல்லா ஜனங்களுக்கும் வித்தியாசமில்லாமல் அறிவிக்கப்பட வேண்டும் என்கின்றன. புல்லரின் நண்பரான மிஷனரி வில்லியம் கேரியும் இதே நம்பிக்கைக்காரர். 1793இல் வங்காளம் வந்தவர், அங்கே முதன்முதலில் விசுவாசித்த இந்துவான கிருஷ்ண பாலுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பர் கடைசியில். ஏழு வருடம்! கைகளை எண்ணுகிற ஊழியமாக இருந்தால் இரண்டாம் வருடமே கப்பல் ஏறியிருப்பார்.

தேவன் ஏன் சிலரைத் தெரிந்துகொண்டார் என்பதை என்னால் விளக்க முடியாது, அதைப் பற்றிப் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 9ஆம் அதிகாரம் இன்றைக்கும் எனக்குக் கடினம்தான். ஆனால் அந்த அதிகாரத்தை எழுதிய அதே கை, பத்தாம் அதிகாரத்தில், பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்றும் எழுதியிருக்கிறது. கட்டுரையாளர் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் அண்ணனிடம் பதினான்கு வருடமாக இயேசுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். போன ஞாயிற்றுக்கிழமையும் சொன்னேன், அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்