கயலுக்கு, கணக்கு நோட்டோடு

புரட்டாசி 21

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. அப்பாயி நன்றாகச் சாப்பிடுகிறார்கள். குறுவை அறுத்து முடிந்தது. ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள் என்பதால் நாலு நாள் ரோட்டில் காயவைத்து, மழைக்கு மூடி, வெயிலுக்குத் திறந்து, ஒருவழியாகப் போட்டாகிவிட்டது. மேலவயலில் சி.ஆர். 1009 சப் 1 நட்டு இருபது நாள் ஆகிறது. பச்சை பிடித்துவிட்டது. நாற்று முங்கினாலும் இரண்டு வாரம் வரை தாங்கும் ரகம் என்பதால் இந்த ஐப்பசி மழைக்கு அவ்வளவு பயமில்லை.

பிள்ளையார் சதுர்த்திக்குப் பிறகு உன் குரல் கேட்கவில்லை. வேலை இருக்கும்.

தம்பி போன வாரம் செல்போனில் ஒரு படம் காட்டினான். நீ ட்ரோனுக்குப் பக்கத்தில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறாய். பயிற்சி முடித்து, பத்து வருடத்துக்குச் செல்லுபடியாகும் சான்றிதழும் வாங்கிவிட்டாய், கடனில் சொந்தமாக ஒரு மெஷின் வாங்கி வாடகைக்கு மருந்து அடிக்க நினைக்கிறாய் என்றான். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. டீக்கடையில் நாலு பேரிடம் காட்டச் சொன்னேன். அப்புறம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கையில் மருந்து டப்பா. கையில் உறை இல்லை.

கயல், கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் கலக்கும் மருந்தை நீங்கள் 10 லிட்டரில் கலக்கிறீர்கள். ஏக்கருக்குப் போகும் மருந்து அதே அளவுதான். அப்படியென்றால் உன் முன்னால் இருக்கும் கரைசல் 20 மடங்கு கெட்டி. மெஷின் பறக்கும்போது நீ தள்ளி நிற்பதால் ஆபத்து குறைவு என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அது சரிதான். ஆனால் கலக்கும்போது, டேங்க் மூடியைத் திறக்கும்போது, அடைத்துக்கொண்ட நாசிலைக் கழற்றும்போது தள்ளி நிற்க முடியாது. துணி உறை போடாதே. அது நனைந்தால் மருந்தைத் தோலோடு ஒட்டவைத்து மணிக்கணக்கில் வைத்திருக்கும். நைட்ரைல் உறைதான் வேண்டும். கண்ணாடி, முகமூடி, முழுக்கைச் சட்டை. நாசிலை வாயால் ஊதிச் சரிசெய்யும் பழக்கம் இங்கே எல்லோருக்கும் இருக்கிறது. நீ ஊதாதே. பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று பையில் இருக்கட்டும்.

அளவை ஏக்கருக்குத்தான் கணக்குப் பண்ணவேண்டும், லிட்டருக்கு அல்ல. மருந்துக்கடையில் "லிட்டருக்கு 2 மில்லி" என்பார்கள். அது 200 லிட்டர் தண்ணீரை மனதில் வைத்துச் சொல்வது. ஏக்கருக்கு 400 மில்லி. அதையே உன் 10 லிட்டர் டேங்குக்குப் போட்டால் 20 மில்லிதான் போகும், பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகவில்லை என்று அடுத்த வாரம் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவார்கள். இன்னொன்று, நம் பக்கம் யாரும் ஏக்கரில் பேசமாட்டார்கள். மா கணக்கில்தான் சொல்வார்கள். மூன்று மா ஒரு ஏக்கர். வரப்பும் வாய்க்காலும் போக உள்ளே பயிர் நிற்கும் இடம் எவ்வளவு என்பதை மெஷின் வரைபடத்தில் நீயே அளந்துகொள். வாய்க்கணக்கை நம்பி மருந்து ஊற்றாதே.

இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்து அடிக்கச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். 200 லிட்டரில் சண்டை போடாத மருந்துகள் 10 லிட்டரில் திரிந்துவிடலாம். கண்ணாடிப் பாட்டிலில் அதே விகிதத்தில் கொஞ்சம் கலந்து அரைமணி நேரம் வைத்துப் பார். தயிர் உடைந்த மாதிரி திப்பி திப்பியாக அடியில் இறங்கினாலோ, மேலே எண்ணெய் பிரிந்து நின்றாலோ, பாட்டில் தொட்டால் சுட்டாலோ அந்தக் கலவை டேங்குக்குள் போகக்கூடாது. கலக்கும்போது டேங்கில் பாதித் தண்ணீர், அதில் முதலில் தூள் மருந்து, பிறகு கூழ் மாதிரி இருப்பது, கடைசியில் எண்ணெய் மாதிரி இருப்பது. வரிசை மாறினால் தூள் உருண்டை கட்டி நாசிலை அடைக்கும். ஒரு நாசில் அடைத்தால் வயலில் நீளமாக ஒரு பட்டை மருந்து படாமல் போய்விடும், அது பத்து நாள் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும். தினமும் காலையில் வெறும் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு நாசிலுக்கும் கீழே ஒரு குவளை வைத்து ஒரு நிமிஷம் பிடித்து அளந்து பார்.

காற்று இருந்தால் பறக்கவிடாதே. காலையில் வெயில் ஏறுவதற்குள், இல்லையென்றால் சாயங்காலம். பூக்கும் பருவத்தில் காலை ஒன்பதிலிருந்து மத்தியானம் வரை நெல் பூ திறந்திருக்கும், அந்த நேரத்தில் அடிக்கவே கூடாது. பக்கத்தில் கொடிக்காலா, மீன் குட்டையா, வாத்து மேய்கிறதா என்று நடந்து பார்த்துவிட்டு மெஷினைக் கிளப்பு. களைக்கொல்லி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஆனி மாதம் குறுவை வயலுக்கு 2,4-டி அடிக்கும் நேரத்தில் பக்கத்து வயலில் கோடைப் பருத்தி இன்னும் நிற்கும். அதன் சாரல் கொஞ்சம் பட்டாலே பருத்தி இலை விரல் விரலாகச் சுருங்கிப்போகும். களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வைத்துக்கொள். முடியவில்லையென்றால் மூன்று தடவை கழுவு. கழுவிய தண்ணீரை வாய்க்காலில் கொட்டாதே. கையுறையோடு கழுவு.

இனி, நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி. இதை நன்றாகக் கேள். கார்த்திகை, மார்கழியில் சம்பா தூர் கட்டி அடர்ந்து நிற்கும்போது புகையான் இலையில் இருக்காது. அடித்தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். தூரைச் சாய்த்து உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினால் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்து, பக்கவாட்டில் தத்தி அடுத்த தூருக்குப் போகும். மேலேயிருந்து வரும் 10 லிட்டர் மருந்து தோகையிலேயே நின்றுவிடும். இறக்கைக் காற்று பயிரை விலக்கிவிடும் என்கிறார்கள். இளம்பயிரில் விலக்கும், அடர்ந்த சி.ஆர். 1009-ல் அடி வரை போகாது. எட்டு அடிக்கு ஒரு அடி இடைவெளி, அதாவது பட்டம், விட்டு நட்டிருந்தால்தான் அந்தச் சந்தில் காற்றும் வெளிச்சமும் மருந்தும் இறங்கும். பட்டம் விடாத வயலுக்குக் கூப்பிட்டால் முதலில் தண்ணீரை வடிக்கச் சொல், தழைச்சத்தை நிறுத்தச் சொல். பயிரைக் கையால் விலக்கிவிட்டு அடித்தூரில் கைத்தெளிப்பானால் அடிப்பதுதான் அங்கே வேலைக்கு ஆகும்.

அடிப்பதற்கு முன்னால் எண்ணவேண்டும். வயலில் குறுக்காக நடந்து இருபது தூர் தட்டிப் பார். தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் கிளைக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். சிலந்தியே இல்லையென்றால் கிளைக்கு ஒன்று என்றாலே எல்லை. அதற்குக் கீழே இருந்தால் மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பவேண்டும். திரும்பினால் அன்றைய வாடகை போகும். மாதத் தவணை கட்டவேண்டியவளுக்கு அப்படித் திரும்ப மனசு வருமா என்பதுதான் என் கவலை. ஏக்கர் ஓடினால்தான் தவணை நிற்கும். ஏக்கர் ஓடவேண்டுமென்றால் ஜனங்கள் அடிக்கடி மருந்து அடிக்கவேண்டும். ஆள் கிடைக்காமல் இருந்தவரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசித்தார்கள். ஏழெட்டு நிமிஷத்தில் ஒரு ஏக்கர் முடியும் என்றானபின் யோசிக்கமாட்டார்கள். மருந்து அடித்துச் சம்பாதித்துக்கொண்டிருந்த நம் தெரு ஆட்களுக்கு அந்தக் கூலியும் நின்றுவிடும்.

வருமானக் கணக்கையும் பார். நம் பக்கம் எல்லோர் பயிருக்கும் ஒரே வயசு. கூப்பிட்டால் அதே பத்து நாளில் எல்லோரும் கூப்பிடுவார்கள், அதிலும் பாதி நாள் மழை பெய்யும். ஒரு பேட்டரி முழுச் சுமையோடு பத்து நிமிஷம் நின்றால் அதிகம். ஒரு நாளைக்கு இருபது ஏக்கர் போகவேண்டுமென்றால் ஐந்தாறு செட் பேட்டரி, ஜெனரேட்டர், ஏற்ற வண்டி, கூட ஒரு ஆள் எல்லாம் வேண்டும். ஒரு மா, இரண்டு மா வயலில் திரும்புவதற்கே பேட்டரி கரையும். வரப்பில் தென்னை, மேலே மின்கம்பி. சூடாக இருக்கும் பேட்டரியைச் சார்ஜில் போடாதே. சும்மா கிடக்கும் மாதங்களில் முழுச் சார்ஜோடு வைக்காதே, பாதி அளவில் வை. ஊதிப்போனதைத் திரும்ப மாட்டாதே. தை, மாசியில் உளுந்துக்கு டி.ஏ.பி. உரக் கரைசல் அடித்து அந்த மாதங்களை ஓட்டலாம் என்று நினைத்திருப்பாய். கைத்தெளிப்பானுக்கு 4 கிலோவை முதல் நாளே ஊறவைத்து, தெளிந்ததை மட்டும் எடுத்து, 200 லிட்டருக்குக் கலக்குகிறோம். அதையே 10 லிட்டரில் அடித்தால் உளுந்து இலை கருகும், வண்டல் நாசிலை அடைக்கும். வேறு மாதிரிதான் செய்யவேண்டும். பயிற்சி கொடுத்தவர்களிடம் கேள்.

நீ வைத்துவிட்டுப் போன, தண்ணீர் மட்டம் பார்க்கும் குழாய் கீழவயலில் நன்றாக வேலை செய்கிறது. கம்பி கட்டி செல்போனுக்குச் செய்தி அனுப்பிய அந்தக் கருவிதான் சேறு ஏறி நின்றுவிட்டது. வெறும் ஓட்டைக் குழாயே போதும். உள்ளே தண்ணீர் மண்மட்டத்துக்கு அரை அடி கீழே இறங்கியபின் பாய்ச்சுகிறேன். பூக்கும்போது மட்டும் விடாமல் இரண்டு அங்குலம் நிறுத்துவேன். மோட்டார் ஓடும் நேரம் குறைந்திருக்கிறது. வயல் காய்ந்து காய்ந்து நனைவதால் மீத்தேனும் குறையும் என்று நீ சொன்னதை மறக்கவில்லை. மின்சாரம் இலவசம் என்பதால் இந்த மிச்சத்தை ரூபாயாக யாருக்கும் காட்டமுடியவில்லை. அதனால்தான் பக்கத்து வயல்காரர்கள் செய்யவில்லை. இதை உனக்குப் போனில் சொல்லலாம் என்று இருந்தேன்.

அந்தப் படத்தில் மேஜைமேல் ஒரு தாள் இருந்தது. அதையும் பெரிதாக்கித்தான் பார்த்தேன். உன் கையெழுத்து. கடன், தவணை, அதற்குக் கீழே "அப்பா நிலம், 5 ஏக்கர் × 36 மூட்டை".

36 இல்லை கயல். 27.

மூன்று வருஷமாக நான் உனக்குச் சொன்னது பொய். முதல் வருஷம் மார்கழியில் இலைச்சுருட்டுப் புழுவுக்குப் பயந்து, எண்ணிப் பார்க்காமல் பைரித்ராய்டு மருந்தை இரண்டு தடவை அடித்தேன். புழு செத்தது. சிலந்தியும் செத்தது. சிலந்தி போன வயலில் புகையான் ஏறி, பொதிப் பருவத்தில் வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோயிற்று. பயிர் வெளிறியது என்று யூரியா வேறு போட்டேன், அது புகையானுக்குத்தான் தீனி ஆனது. அந்த வருஷம் 19 மூட்டைதான். உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது, 36 என்றேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் குறைத்துச் சொல்ல வாய் வரவில்லை. மேலே உனக்குச் சொன்ன புகையான் பாடமெல்லாம் புத்தகத்தில் படித்தது மட்டும் அல்ல.

மூட்டை 60 கிலோ. ஏக்கருக்கு 9 மூட்டை குறைந்தால் 540 கிலோ. 2025-26 பருவத்தில் பொது ரகத்துக்குக் கொடுக்கும் 2500 ரூபாய் குவிண்டால் விலைக்கு 13,500 ரூபாய். ஐந்து ஏக்கருக்கு 67,500. உன் தாளில் அந்தப் பணம் இருக்கிறது, என் கையில் இல்லை. உன் அம்மாவின் இரட்டை வடம் மாமா வீட்டு லாக்கரில் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் அடகில் இருக்கிறது. குறுவைப் பணத்தில் வட்டி கட்டியிருக்கிறேன், முதல் அப்படியே நிற்கிறது. அம்மாவுக்குத் தெரியும். நீ தெரிந்துகொண்டால் வருத்தப்படுவாய் என்று அவள்தான் லாக்கர் என்று சொல்லச் சொன்னாள். இல்லை, அவள்மேல் போடக்கூடாது, நான்தான் சொல்லச் சொன்னேன்.

மூன்று வருஷக் கணக்கு நோட்டையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். உழவு, நாற்று, நடவு, களை, உரம், மருந்து, அறுப்பு மெஷின் வாடகை எல்லாம் அதில் நடந்தது நடந்தபடி இருக்கிறது. நானும் உன் அம்மாவும் வயலில் நின்ற நாட்களுக்குக் கூலி போடவில்லை, அதையும் சேர்த்துக்கொள். தாளை இன்னொரு தடவை போட்டுப் பார். சிட்டா, அடங்கல் நகலும் உள்ளே இருக்கிறது. நீ கேட்கவில்லை, வங்கியில் கேட்பார்கள் என்று எடுத்துவைத்தேன். எந்தப் பக்கம் முடிவு செய்தாலும் காகிதத்துக்காக அலையவேண்டாம். என்னைக் கேட்டால், முதல் சம்பாவுக்கு வேறொருவர் மெஷினைச் சம்பளத்துக்கு ஓட்டு. எத்தனை ஏக்கர் கூப்பிட்டார்கள், எத்தனை நாள் மழை, எத்தனை வயலில் எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பினாய் என்று எழுதிவை. மாசியில் அதைக் கையில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போ. நானும் கூட வருகிறேன்.

தீபாவளிக்கு ரயிலில் இடம் கிடைக்காது என்று தம்பி சொல்கிறான். மன்னார்குடியில் இறங்கினால் எந்த நேரமானாலும் வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

கையுறை நாலு ஜோடி வைத்திருக்கிறேன். உன் அம்மா கை அளவுக்கு வாங்கினேன். பெரிதாக இருந்தால் மாற்றிக்கொடுப்பார்கள், பில் நோட்டுக்குள் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா