ஓட்டை ரூபாய்க்கு என்ன விலை?

கும்பகோணம்

அன்புள்ள சம்பத்,

கடிதமும் படங்களும் வந்து நாளாகிவிட்டது. தாமதத்துக்குக் கண்தான் காரணம். வலது கண்ணில் புரை எடுத்தார்கள். சொட்டு மருந்து முடிகிறவரை லென்ஸைக் கையில் எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னதற்கு மேலேயே உன் தங்கச்சி காவல் இருந்தாள். இப்போது பார்வை நன்றாக இருக்கிறது. வெறும் கறுப்பு என்று நான் ஒதுக்கி வைத்திருந்த காசுகளில் நீலமும் ஊதாவும் ஓடுவது இப்போதுதான் தெரிகிறது. பேத்தி ஒன்பதாம் வகுப்பு போய்விட்டாள். வரலாறு பிடிக்கவில்லை என்கிறாள், ஆனால் என் காசுப் பெட்டியைத் திறந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். முழங்கால் வலி எனக்கும் அப்படியேதான், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பழைய வெள்ளி ரூபாய்களுக்கு வளையம் வைத்துக் கோத்த அம்மாவின் ரூபாய் மாலை விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டு, வளையத்தை ஒட்டவைத்த பற்றுக்குச் சேதாரம் கழிப்பேன் என்கிறார். ஆசாரியோ வளையங்களை அறுத்து, ராவி, பாலிஷ் போட்டுத் தருகிறேன், சேகரிக்கிறவர்கள் கொத்திக்கொண்டு போவார்கள் என்கிறார். எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் வேண்டாம். அதிலும் ஆசாரியிடம் கொடுக்கவே கொடுக்காதே.

முதலில் அடிவிலை. 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வகுத்த கணக்குப்படி ஒரு ரூபாய் 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டுக்குப் பதினொரு பங்கு வெள்ளி. ஒரு காசில் சுத்த வெள்ளி ஏறக்குறைய 10.69 கிராம். நம் பாட்டிமார் மருந்துக்கு ‘ஒரு ரூபாய் எடை’ என்று சொன்னது இந்த எடைதான். விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் என்று 1939 வரை இதே கணக்கு. 1940-இல் யுத்தம் வந்து வெள்ளியைப் பாதியாக்கினார்கள். அதில் சுத்த வெள்ளி 5.83 கிராம்தான். புலி போட்ட 1947 ரூபாய் முழுக்க நிக்கல், காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். உன் மாலையில் இரண்டு ரகமும் கலந்திருப்பதாகப் படத்தில் தெரிகிறது. வருஷம் பார்த்து இரண்டு குவியலாகக் கணக்குப் போட்டு, அன்றைய வெள்ளி விலையால் பெருக்கு. வளையமும் பற்றும் எடையைக் கூட்டிக் காட்டும், தேய்மானம் குறைத்துக் காட்டும், ஆகவே தராசு சொல்வதை அப்படியே நம்பாதே. இந்த அடிவிலைக்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்காதே. மற்ற பேச்செல்லாம் இதற்கு மேலேதான்.

இத்தனை ரூபாய் மாலைக்கும் கொடிக்கும் போனதற்குக் காரணமும் உண்டு. 1941-இல் விக்டோரியா ரூபாயை முதலில் செல்லாததாக்கினார்கள். அடுத்தடுத்து எட்வர்டும் ஜார்ஜும் போனார்கள். நல்ல வெள்ளியை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுக்க மனசில்லாதவர்கள் பானையில் போட்டார்கள், பத்தரிடம் கொடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். செல்லாக் காசு என்று நாம் ஏளனமாகச் சொல்கிறோமே, அந்தச் செல்லாக் காசுதான் உன் அம்மாவுக்குச் சேமிப்பு.

இனி சேதம். சேகரிக்கிறவன் கண்ணில் சேதம் இரண்டு வகை. காசு புழங்கும்போது அதன்மேல் விழுந்தது ஒன்று. அதை மறைக்கப் போய் நாம் செய்தது இன்னொன்று. முதல் வகையைப் பொறுத்துக்கொள்வோம். இரண்டாவதைப் பொறுப்பதில்லை.

ஆற்காட்டு ரூபாய் என்ற பழைய வெள்ளிக்காசைப் பார்த்திருப்பாய். மேலே பிறைபோல, பூப்போல, புள்ளிபோலச் சின்னச் சின்ன முத்திரை விழுந்திருக்கும். உள்ளே செம்பு வைத்து மேலே வெள்ளி பூசியிருக்கிறதா என்று பார்க்கச் சராப்புகள், அதாவது காசு மாற்றுகிறவர்கள், உளியால் குத்திய அடையாளம் அது. குத்தாத காசுக்கு விலை அதிகம்தான். ஆனால் குத்திய காசைக் கையில் எடுத்தால், அது எத்தனை பேர் கையில் சந்தேகப்பட்டுத் தேறி வந்தது என்று தெரிகிறது. எனக்கு அப்படிப்பட்டவைதான் பிடிக்கும். (விலை குறைவு என்பதும் ஒரு காரணம், அதை நீ சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.) புதுக்கோட்டைப் பக்கம் 1898-இல் கிடைத்த ரோமானியக் காசுகள் 501-உம் தங்கம். அவற்றில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைக்குக் குறுக்கே ஓர் உளிவெட்டு. இனி இது நாணயமாகப் புழங்கக் கூடாது என்று வெட்டினார்களா, வேறு காரணமா என்று ஆய்வாளர்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெட்டு இல்லாவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

சேதம்போலத் தெரிந்து சேதமே இல்லாததும் உண்டு. சென்னையில் 1800-களின் தொடக்கத்தில் கோபுரம் போட்டு அடித்த அரை வராகன் வெள்ளிக்காசு பலவற்றில் கோபுரத்துக்குப் பின்னால் வேறு எழுத்துகள் மங்கலாகத் தெரியும். ஸ்பானிஷ் டாலர் என்ற அயல்நாட்டு வெள்ளிக்காசை எடுத்து அதன் மேலேயே அடித்தார்கள். பழைய எழுத்தைக் கறை என்று நினைத்து ஒருவர் தேய்த்துக்கொண்டிருந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வயிறு எரிந்தது.

தேய்ப்பதுதான் பெரிய பாவம். உனக்குப் படம் பிடித்து அனுப்ப முடியாததால் எழுதுகிறேன். விபூதி போட்டுத் தேய்த்த விக்டோரியா ரூபாய் ஒன்று இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ராணியின் கன்னத்தில் மயிரிழைக் கோடுகள், எல்லாம் ஒரே வட்டமாக, விரல் போன போக்கில். கிரீடத்தின் இடுக்கில் மட்டும் பழைய கறுப்பு மிச்சம். அந்தக் கறுப்பு அழுக்கில்லை, வெள்ளியும் காற்றில் உள்ள கந்தகமும் சேர்ந்து உண்டான தோல். அதை உரித்தால் திரும்ப வராது. வந்தாலும் திட்டுத் திட்டாகத்தான் வரும்.

இதில் விலையும் போகிறது, தகவலும் போகிறது. 1862 என்று போட்ட ரூபாயை அந்த வருஷம் மட்டும் அடிக்கவில்லை. அதே வருஷத்தைப் போட்டே 1870-கள் வரை அடித்தார்கள். உண்மையில் எந்த வருஷம் என்று தெரிவதற்காகப் பம்பாய் அக்கசாலையில், அதாவது நாணயம் அடிக்கும் இடத்தில், வருஷ எண்ணை ஒட்டிக் குட்டிப் புள்ளிகள் வைத்தார்கள். புள்ளிக் கணக்குக்கு ஏற்ப விலை மாறும். பாலிஷ் சக்கரம் முதலில் தின்பது அந்தப் புள்ளிகளைத்தான்.

துளைக்கு வருவோம். துளை ராணியின் முகத்தில் விழுந்ததா, தலைக்கு மேலே வெற்றிடத்தில் விழுந்ததா என்று பார். மேலே விழுந்தால் மன்னிக்கலாம். எந்தச் சந்தையிலும் கிடைக்கிற 1917, 1918 காசில் துளை விழுந்தால் அது வெள்ளி விலைதான், பேசிப் பயனில்லை. அபூர்வமான வருஷமாக இருந்தால் துளையோடும் வாங்க ஆள் உண்டு, நல்ல காசின் விலையில் பாதிக்கும் கீழேதான் கிடைக்கும் என்றாலும். துளையை வெள்ளியால் அடைத்து மேலே எழுத்தை வெட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். லென்ஸ் வைத்தால் அந்த எழுத்து மட்டும் கையால் கீறியதுபோல நடுங்கும், அந்த இடத்தின் நிறமும் ஒட்டாது. மேஜைமேல் சுண்டினால் ஓசை மழுங்கும். ஓட்டை என்று சொல்லி விற்கிறவனை நம்பலாம், அடைத்து விற்கிறவனை எப்படி நம்புவது?

வளையம் வைத்த காசும் அப்படியே. வளையத்தோடு இருந்தால் அது நகை, காசு, இரண்டுமே. அறுத்து ராவினால் விளிம்பில் பல் அழிந்து, பற்றுத் தழும்பு மட்டும் மிஞ்சி, நகையும் போய்க் காசும் போகும். உன் மாலையை மாலையாகவே வை. தனிக்காசாகப் பிரித்து விற்பதைவிட, கோத்தபடியே பழைய நகை வாங்குகிறவர்களிடம் காட்டினால் கூடுதலாகவே கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம். மாப்பிள்ளை சிங்கப்பூரில் ஏலம் விடலாம் என்கிறாராமே, வேண்டாம் என்று சொல். நூறு வருஷம் தாண்டிய காசை 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. உள்ளூரிலும், ‘பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முன்பணம் கட்டு’ என்று போனில் வருகிறவர்கள் பக்கமே போகாதே. ரிசர்வ் வங்கியே எச்சரித்திருக்கிறது.

கடைசியாக ஒரு காசு. மாலையில் இடப்பக்கம் மூன்றாவதாக இருப்பதில் ஆறாம் ஜார்ஜ் தலை, வருஷம் 193 வரை தெரிகிறது, கடைசி எண் மங்கல். 1938 என்றால் சாதாரணம். 1939 என்றால் அபூர்வம், அதனாலேயே போலியும் நிறைய. எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கியதும் உண்டு. ஆனால் போலி செய்கிறவன் அதைச் சேகரிப்பவனுக்காகத்தான் செய்வான். உங்கள் வீட்டு மாலையில் அந்த வளையமும் அதன் மேல் படிந்த கறுப்பும் மற்றக் காசுகளோடு ஒத்துப்போனால், அந்தப் பற்றுதான் இது பிற்பாடு சேர்த்த போலியில்லை என்பதற்குச் சாட்சி. ஆகவே கையால் துடைக்காமல், ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எண் இருக்கும் பக்கத்தையும் விளிம்பையும் படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்க்கும்வரை கடைக்காரரிடம் வாயைத் திறக்காதே.

அண்ணியிடம் விசாரித்ததாகச் சொல். தீபாவளிக்கு இந்தப் பக்கம் வந்தால் இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா.

அன்புடன்,
ராமு